காதுக்கு ஒரு லிமிட் சாம்பிள்

வல்லம் வடகால் சிப்காட்டிலிருந்து லாரி லாரியாக வெளியேறும் யமஹா பைக்குகளின் சின்னத்தைப் பலர் ஏதோ சக்கரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மூன்று இசைக்கவைகள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே கொண்டுபோவோமே, அந்தக் கவைதான். டொரகுசு யமஹா 1887இல் ஜப்பானின் ஹமாமட்சு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கனைப் பழுதுபார்க்கப் போய், பிறகு தானே ஆர்கன் செய்யத் தொடங்கினார். பியானோ அதற்கப்புறம். மோட்டார் சைக்கிள் வெகு பின்னால் வந்து, 1955இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. கவைகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன.

அதே வட்டாரத்தில் சத்தத்தையே சரக்காக விற்கும் இன்னொரு வண்டியும் உருவாகிறது. திருவொற்றியூரில் 1950களிலிருந்து செய்துவந்த புல்லட்டுக்கு ஓரகடத்தில் 2013இலும் வல்லத்தில் 2017இலும் புது ஆலைகள் எழுந்தன. புல்லட் வாங்குகிறவர் மைலேஜ் விசாரிப்பதற்கு முன்னால் சைலன்சருக்குக் காது கொடுக்கிறார். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் ‘டப் டப்’ போனதோடு புல்லட்டே போய்விட்டது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. புதுசுதான் சுத்தமாகப் பேசுகிறது என்பவர்களும் உண்டு. இந்தச் சண்டையைச் சட்டத்திடம் கொண்டுபோய்ப் பயனில்லை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி சோதனைத் தடத்தில் கடந்து போகும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் தன் எஞ்சின் ஒலியையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய 1994இல் விண்ணப்பித்தது. மற்ற கம்பெனிகள் ஆட்சேபித்தன, வழக்கு இழுத்தது, 2000இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லோருடைய காதுக்கும் தெரிகிற ஒன்றைக் காகிதத்தில் எழுதி நிறுவுவது அவ்வளவு பாடு.

இசையின் தரத்தை ஆளுக்கு ஆள் மாறாத விதத்தில் சொல்ல முடியுமா, இல்லை அது அவரவர் ரசனைதானா என்ற கேள்வியை சபாக்களின் கான்டீன்களில் எடுத்தால் பேச்சு இரண்டு டிகிரி காபியோடு முடிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் – ஓரகடம் சாலையில் அதையே கேட்டால் வேறு மாதிரி விரிகிறது. காதால் கேட்டு ‘ஓகே’, ‘என்ஜி’ (நாட் குட்) சொல்வதற்கு இங்கே ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கார் தொழிற்சாலைகளில் வண்டி லைனை விட்டு இறங்கியதும் மேடுபள்ளமான ஒரு சின்னத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை ஒன்றுதான்: கேட்பது. டேஷ்போர்டுக்குள் கிரீச், கதவுக்குள் கடகட, எங்கோ ஒரு ரீங்காரம். கருவி இல்லாமலா? ஒலியின் உரப்பையும் கூர்மையையும் கரகரப்பையும் அளக்க, எபர்ஹார்ட் ஸ்விக்கர் என்ற ஜெர்மானியரும் அவர் வழிவந்தவர்களும் சூத்திரங்களே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கதவு சாத்தும் சத்தம் ‘விலை உயர்ந்த வண்டி மாதிரி’ இருக்கிறதா என்று முடிவுகட்டும் இடத்தில் இன்றைக்கும் ஹெட்போன் மாட்டிய மனிதர்களைத்தான் வரிசையாக உட்கார வைக்கிறார்கள்.

அளவுகோல் எட்டாத இடங்களில் ஆலைக்காரர்கள் கையாளும் உபாயத்தின் பெயர் லிமிட் சாம்பிள். பெயின்ட்டின் நிறம், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு, மோட்டாரின் இரைச்சல் இவற்றையெல்லாம் எண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் இதுவரைக்கும் ஏற்கலாம், இதற்குமேல் கூடாது என்று நிஜமான பொருட்களையே எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: யார் ஒப்புதல் கொடுத்தது என்ற கையெழுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்ற கெடு. புதிதாகச் சேர்ந்த பையன் திரும்பத் திரும்ப அவற்றைப் பார்த்தும் கேட்டும் பழக வேண்டும். அப்புறம் அவனுக்குச் சொல்லாமலே ஒரே பொருளை வேறு வேறு நாளில் கலந்து கொடுப்பார்கள். நேற்று ஓகே சொன்னதை இன்று என்ஜி என்றால் அவன் காது இன்னும் தயாராகவில்லை. இரண்டு பேர் ஒரே பொருளுக்கு மாறுபட்ட தீர்ப்புச் சொன்னால், இருவரையும் அலமாரி முன்னால் நிறுத்துவார்கள். “முதல்ல ஒண்ணும் புரியாதுண்ணே. நூறு வண்டி கேட்டப்புறம், எப்படிக் கேக்காம இருந்தோம்னு தோணும்” என்றார் இந்த வேலை பார்க்கும் செய்யாறு பக்கத்துத் தம்பி ஒருவர். குருகுலத்தில் பாடாந்தரம் பெற்ற எவரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள்.

டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய ரசனை பற்றிய கட்டுரையில் டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர், நல்ல மதுதான், கொஞ்சம் தோல் வாசனை அடிக்கிறது என்றார். மற்றவர் இரும்பு வாசனை என்றார். ஊரே சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கோத்த ஒரு பழைய சாவி கிடந்தது. கார் இன்ஸ்பெக்டரின் பாடும் இப்படித்தான். அவர் சொன்ன கதவைக் கழற்றினால் மாட்டாமல் விட்ட கிளிப் ஒன்று கிடைக்கும், அவர் காது ஜெயித்துவிடும். இசைக்கு அப்படி ஒரு பீப்பாய் அடி உண்டா?

சில சமயம் உண்டு. தாளத்தில் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளை (1889–1934) இருந்தார். லயத்தில் அவரை அசைக்க ஆளில்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு பல்லவி பாடுவார். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர். எடுப்பில் வந்து விழுந்தாரா இல்லையா என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமே கிடையாது, விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வெறும் கணக்கு என்ற முணுமுணுப்பும் அந்த வழியைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. கணக்கில் பிசகில்லை என்று இருதரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாதம் சூடுபிடிக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் உறுத்தும். மேடை ஏழுகோல் அகலம், எட்டுகோல் நீளம், ஒருகோல் உயரம். கோல் என்றால் இருபத்துநான்கு விரல். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் ஒவ்வொருவருக்கும் என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் வேறு; எந்த ஆடிட்டர் வந்தாலும் டிக் போட்டுக்கொண்டே போகலாம். முடிவில் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். மேடையை அளந்தாயிற்று, பொன்னை நிறுத்தாயிற்று. நடுவில் அவள் ஆடியதை எந்தக் கோலால் அளந்தார்கள்? இளங்கோ அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். அவையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுருதி விஷயம் இதைவிடச் சிக்கல். ஆல் இண்டியா ரேடியோ 1940 மார்ச்சில் ஹார்மோனியத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. 1971 வரை திறக்கவில்லை. தாகூரே அந்தத் தடையை ஆதரித்தார். காரணம் கணிதரீதியாகப் பொய்யே இல்லை. ஹார்மோனியத்தின் சமப்பங்கீட்டுச் சுருதியில் அந்தர காந்தாரம், தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் தூக்கலாக நிற்கும். ஒரு அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் பதினான்கு. பழகிய காதுக்கு உறுத்தத்தான் செய்யும். கமகமும் அதில் வராது. எல்லாம் சரி. ஆனால் அதே ஹார்மோனியம் பக்கத்தில் ஒலிக்கத்தான் எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் பாடினார். இருபத்தேழு வயதில், 1933இல் இறந்துபோன அந்த மனிதரின் இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு, 14 சென்ட் பிசகு என்று யாரும் எழுந்து போனதில்லை. சென்ட் கணக்கு உண்மை. அதை வைத்து ஒரு வாத்தியத்தை, அதோடு நாடக மேடையின் இசை வாழ்வையே கீழே வைத்தது ரசனை. எண்ணுக்குப் பின்னால் ரசனை ஒளிந்துகொண்டால் பிடிப்பது கஷ்டம்.

போதாததற்கு, கர்நாடக இசையில் ஸ்வரம் என்பது புள்ளியே இல்லை. தோடியின் காந்தாரத்தைக் கணினியில் வரைந்து பார்த்தால் அது நிற்கும் இடம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். சினிமா ஸ்டுடியோவில் குரலைச் சுருதிக்கு இழுத்துப் பிடிக்கும் மென்பொருளுக்கு அதைக் கொடுத்தால், ஒவ்வொரு அசைவையும் பிழை என்று எண்ணி அருகிலிருக்கும் ஸ்வரத்தில் கட்டிப்போட்டுவிடும். துல்லியம் கூடும், தோடி போய்விடும்.

அப்படியானால் ரசனைதான் எல்லாம் என்று கையை விரித்துவிடலாமா? மூன்று ஷிஃப்டுக்கும் ஓடும் கம்பெனி பஸ்களில் அடிக்கடி நடக்கும் வாதம் அப்படித்தான் முடிகிறது. விடிகாலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் எண்பதுகளின் இளையராஜாவைப் போடுவார். பின்சீட்டு டிரெய்னிகளுக்கு அனிருத் வேண்டும், இல்லாவிட்டால் கானா. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இயர்போனுக்குள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். வாக்குவாதம் முற்றும்போது யாராவது ஒருவர், “விடுங்கப்பா, அவங்கவங்க டேஸ்ட்டு” என்பார். சண்டையை நிறுத்த அது நல்ல வழி, பண்பான வழியும்கூட. ஆனால் அந்த ஆளே எட்டு மணிக்கு லைனில் நின்று, கதவுக்குள் கேட்கும் கடகடவுக்கு அவங்கவங்க டேஸ்ட்டு என்று எழுதிக்கொடுக்க மாட்டார். காது பழகினால் வேறுபாடு தெரியும் என்பது அவருக்கு இரண்டாம் இயல்பு. இசைக்கு வரும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

2006இல் அமெரிக்காவில் சல்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். யாரும் கேள்விப்படாத 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து 14,000 பேருக்கு மேல் கேட்கவிட்டார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் எட்டு விதமாக ஹிட்டுகள் வந்தன. ஓர் உலகத்தின் முதலிடம் இன்னொன்றில் எங்கேயோ கிடந்தது. ஆனால் தனியாகக் கேட்டவர்கள் மிக நல்லது என்றவை அநேகமாக எங்கும் படுத்துவிடவில்லை. மோசம் என்றவை அநேகமாக எங்கும் ஏறவில்லை. நடுவில் கிடந்த பெருங்கூட்டத்தின் கதிதான் அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது. லிமிட் சாம்பிளின் தர்க்கமும் இதுவே. இரண்டு முனையிலும் யாருக்கும் சந்தேகம் வராது, அலமாரி தேவைப்படுவது நடுப்பகுதிக்கு. முகநூலில் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் அந்த நடுப்பகுதிக்காகத்தான்.

தேர்ந்தவர்களின் காதும் லேபிளைப் பார்த்து மயங்கும். 2010இல் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி (ஆமாம், நம் ஊர் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் போடும் அதே ரகம்) இருட்டடித்த அறையில் புது வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி வயலின்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகம் பேர் எடுத்துக்கொண்டது புதுசை. கடைசிக்குத் தள்ளியது ஒரு ஸ்ட்ராடிவாரியை. இதனால் வயலினில் நல்லது கெட்டது இல்லை என்று ஆகிவிடாது. அவர்கள் கையில் வயலின்களுக்குள் வேறுபாடு தெரியவே செய்தது. முந்நூறு வருஷப் பெயர்தான் அந்த அறையில் செல்லுபடியாகவில்லை.

ஆக, எனக்குப் படுவது இது: இசையின் தரம் எண்ணிலும் இல்லை, என் பிரியத்திலும் இல்லை, ஒருவர் கேட்டதை இன்னொருவருக்குக் கேட்க வைக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிட்டுப் போகும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். ‘பிடிக்கும்’ என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: நாதஸ்வரம் ஒரு பிடியை முடித்து விடும் இடத்தில் குரல் அதன் மூச்சையே வாங்கிக்கொண்டு கிளம்புகிறது, சீவாளியின் கார்வையும் தொண்டையின் கார்வையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளும் அந்த நொடியைக் கவனியுங்கள் என்று. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. செய்யாறுத் தம்பி சொன்ன அதே அனுபவம். விமர்சகனின் வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியவை மதிப்பெண் பட்டியல்கள் இல்லை; கச்சேரிக்குப் போகாதவரின் காதையும் அவை திருகின. மாறாக, எத்தனை முறை சுட்டிக்காட்டியும் யாருக்கும் கேட்கவில்லையென்றால், நான் சொல்வது என் பிரியம் மட்டுமே என்று அடங்கிப்போவதுதான் நியாயம்.

இதில் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது, அதுதான் பெரியது. அலமாரியில் எதை வைப்பது என்று யார் கையெழுத்திடுகிறார்கள்? ஆல் இண்டியா ரேடியோ 1950களில் கலைஞர்களைத் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்தது. அந்த ஏணி இன்றும் நிற்கிறது. வித்வான்கள் பலர் கொதித்தார்கள், ஆனால் ஆள் முகம் பார்க்காமல் காதால் தீர்ப்புச் சொல்வது என்ற எண்ணத்தில் எனக்கு மரியாதை உண்டு. அதே காலத்தில், 1952இல், அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரமற்றது என்று வானொலியிலிருந்து விரட்டினார். தமிழ்நாடு ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டது. 1957இல் விவித பாரதி என்று ஒன்றைத் தொடங்கித்தான் போன நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகளை ஆராய்ந்து நூல் எழுதுகிறார்கள். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை இயக்கம் எழுந்தபோதும் எதிர்வாதம் தரத்தின் பெயரால்தான் வந்தது: மேடையில் தலைமை இடம் பெறும் அளவுக்குத் தமிழில் உருப்படிகள் இல்லை, இருப்பவற்றில் கனம் போதாது. பாடாத பாட்டுக்குக் கனம் எங்கிருந்து வரும்? பாடிப் பாடித்தான் சங்கதிகள் ஏறும். அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்துவிட்டு, அந்தப் பக்கம் சரக்கே இல்லை என்று சொன்ன மாதிரி.

இந்தச் சாலையின் இரு பக்கத்துக் கிராமங்களிலும் பறை அடிக்கிறார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி காட்டி, ஒரு கட்டத்தில் ‘சரி’ என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சரிக்கு முன்னும் பின்னும் என்ன வேறுபாடு என்று அவர்களுக்கு ஐயமறத் தெரியும். பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்கும் தெரிந்துகொண்டிருக்கும். தம்புராவுக்கு ஜீவா நூல் வைத்து நாதத்தைத் திறப்பதைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்! இந்தக் காய்ச்சலைப் பற்றி அதே கவனத்தோடு எழுதியவர்கள் மிகக் குறைவு. பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கியவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒதுக்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று முன்பே முடிவாகியிருந்தது. இங்கே தரம், ரசனை இரண்டு சொல்லுமே பொருந்தாது. பரிசோதனைக்கே அனுப்பாத சரக்கு அது.

லிமிட் சாம்பிளின் சீட்டில் கெடுத் தேதி ஏன் போடுகிறார்கள் என்பதும் இசைக்கு ஆழமாகப் பொருந்தும் விஷயம். வைத்திருக்கும் மாதிரியே நாளாவட்டத்தில் மங்கும், தேயும், வாங்குகிறவரின் எதிர்பார்ப்பும் நகரும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஓட ஆரம்பித்து 2014 நவம்பரில் நின்ற நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து போன கோடிக்கணக்கான செல்போன்களில் ஒலித்த அந்த நோக்கியா மெட்டு, பிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பானிய கிதார் மேதை 1902இல் எழுதிய வால்ஸ் ஒன்றின் துண்டு. கிதார் தெரிந்தவர்கள் அதை அழகான வாக்கியம் என்பார்கள். நமக்கோ பக்கத்து சீட்டுக்காரரின் போன். இனி எந்த அறையில் யார் வாசித்தாலும் நம் தலைமுறையால் அதைத் தாரெகாவாகக் கேட்க முடியாது.

நாதஸ்வரத்துக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் தெளிவு பிறப்பதில்லை. முன்பெல்லாம் திமிரிதான், குட்டையான குழல், நாலு நாலரைக் கட்டைச் சுருதி, வீதி உலாவில் நாலு தெரு தாண்டிக் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தை ஊதி, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் அதைக் கடைந்து செம்மை பண்ணி, சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. மைக் வந்துவிட்டதால் தெரு தாண்ட வேண்டிய அவசியமும் போயிற்று. ராகம் ஆலாபனை செய்ய அகலம் கிடைத்தது, தோடி கிடைத்தது. திமிரி ஊதுவோர் அருகிப்போனார்கள். இன்று பழைய திமிரிப் பதிவு ஏதாவது கிடைத்தால் நம் காதுக்கு அது கீச்சென்று இருக்கிறது. பாரி எவ்வளவு மேல் என்று உடனே சொல்லிவிடுகிறோம். அந்தக் காதை நமக்குச் செய்து கொடுத்ததே பாரிதான். திமிரியை நல்ல திமிரி, கெட்ட திமிரி என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் சாமி புறப்பாட்டில் தீவட்டிக்குப் பின்னால் நடந்துபோனவர்கள்; அவர்களில் யாரும் இப்போது இல்லை. பாரி ஜெயித்தது உண்மையிலேயே மேலானது என்பதாலா, மைக்கும் சபா நாற்காலியும் வந்ததாலா என்று கேட்டால், நான் பாரியின் பக்கம்தான் கை தூக்குவேன். ஆனால் இந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி என்று கூப்பிட ஆளே இல்லை.